மைக்கின் செவிட்டுப் பக்கம்

திசாஹலாஷ்
1974 டிசம்பர் 2

வில்மோஷ்,

ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த மாதிரி இசைத்தட்டு வந்து சேர்ந்தது. நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழு இருபத்திரண்டு பேரும் பாட்டு நடத்தும் தெஜோ வாத்தியார் வீட்டு முன்னறையில் கூடிக் கேட்டோம். வெளியே மழை. இருபத்திரண்டு ஈரக் கோட்டும் ஒரே கொக்கி வரிசையில் தொங்கின. ஈரக் கம்பளியும் அந்துருண்டையும் சேர்ந்து அடித்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று பாடும் பிரோஷ்கா கசகசா அடைத்த சுருள் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். வாத்தியார் ஊசியை வைத்தார்.

முதல் பாட்டில் என்னைத் தேடினேன். இல்லை. சரி, எல்லாரும் சேர்ந்து பாடுவது, அதில் ஒரு குரலைத் தனியாகத் தேடுவானேன் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் பாட்டு வந்தது. நடுவில் மற்றவர்கள் அடங்கிப்போக, மேல்குரல் மட்டும் தனியாக ஏறும் நாலு வரி உனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடமாக அந்த நாலு வரி என்னுடையது. தட்டில் அதைப் பாடுவது பிரோஷ்கா.

எனக்கு மூச்சுத் துணையாக இருக்கட்டும் என்று அவளை வரிசையில் நின்று கூடவே பாடச் சொல்லியிருந்தீர்களே, அந்தத் துணைதான் தட்டில் இருக்கிறது. நான் இல்லை. சரியாகச் சொன்னால், அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு குரல் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பாடுவதுபோல. தடித்த குரல்காரர் ஒருவர், தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர், விவரம் இல்லாமல் கேட்டுவிட்டார்: "யாருங்க அது, பக்கத்து ரூம்ல பாடுறது?"

எல்லாரும் ரொட்டித் தட்டையே பார்த்தார்கள். பிரோஷ்கா என் பக்கம் தட்டை நகர்த்தி, "எதெல்கா, இன்னொரு துண்டு எடுத்துக்கோ" என்றாள். நான் தட்டை அவள் பக்கமே திருப்பி நகர்த்தினேன்.

அக்டோபரில் மூன்று நாள் அந்தக் குளிர்ந்த கோயிலில் நின்றேன். பாதிப் பேரை இந்தப் பக்கமும் பாதிப் பேரை அந்தப் பக்கமும் எதிரெதிராக நிறுத்தி, நடுவில் உன் இரண்டு மைக்கையும் வைத்தாய். என்னை மட்டும் ஓரமாகப் பிரசங்க மேடைக்குக் கீழே தனியாக நிறுத்தி, "அக்கா, இது உனக்குன்னு தனி இடம்" என்றாய். ஒவ்வொரு முறை பாடி முடித்ததும் நீ உட்கார்ந்து பதிந்த, பூசைப் பொருள் வைக்கும் அறைக் கதவைத் திறந்து, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாய்.

மே மாதம் தட்டின் மறுபக்கத்தைப் பதிய நீ மறுபடி வருவதாக வாத்தியார் சொன்னார், அதிலும் அந்த நாலு வரி திரும்ப வருகிறது. நான் மறுபடி வந்து நிற்க வேண்டுமா, வேண்டாமா? அது தெரிய வேண்டுமென்றால் என் குரல் எங்கே போயிற்று என்று முதலில் தெரிய வேண்டும்.

எதெல்கா

*

புடாபெஸ்ட்
1974 டிசம்பர் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டேன். மனது சங்கடப்பட்டது. நீ நினைப்பதுபோல ஒன்றும் இல்லை. கல் கோயிலில் பதிவது லேசான வேலை இல்லை, அக்கா. கையைத் தட்டினால் நாலு விநாடி கழித்துத்தான் ஓசை அடங்குகிறது. பெண்களின் மேல்குரல் நேராக வளைகூரைக்கு ஏறி, அங்கே சுற்றிவிட்டு, பாதி பலத்தோடுதான் கீழே வரும். மைக்கைத் தாழ்த்தி வைத்தால் செருப்பு உரசுவது கேட்கும். உயர்த்தி வைத்தால் வார்த்தை கரைந்துவிடும். ஆள் இல்லாத பெஞ்சுகள் வேறு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். பதினெட்டு வருடமாக இதே போராட்டம்.

தட்டு அச்சடிக்கும் இடத்திலும் மேல் ஓசையைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறார்கள், ஊசி எகிறாமல் இருப்பதற்காக. அதிலும் உன் குரல் கொஞ்சம் போயிருக்கும்.

உன் குரலுக்கு ஒன்றுமில்லை. மே மாதம் உன்னைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரப் பார்க்கிறேன். இதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வீட்டில் அனைவரும் நலம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் மிட்டாய் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன், ஜெல்லி வைத்தது, உனக்குப் பிடித்தது.

உன் தம்பி
வில்மோஷ்

*

திசாஹலாஷ்
1974 டிசம்பர் 20

வில்மோஷ்,

மிட்டாயைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன். அது ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை முகர்ந்து பார்த்தது, அப்புறம் போய்விட்டது.

வளைகூரையைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்த வளைகூரைக்குக் கீழே நான் பாடத் தொடங்கியபோது உனக்குப் பதினைந்து வயது. அதைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாய்.

உனக்கு ஒன்று மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பழைய மைக்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். சோப்புக்கட்டியை நிமிர்த்தி வைத்தாற்போலத் தட்டையாக இருந்தது. அடுப்பங்கரை மேஜைமேல் வைத்து, அம்மாவை முன்னால் பேசச் சொன்னாய், என்னைப் பின்னால் பேசச் சொன்னாய். "இது முன்னாடியும் கேக்கும், பின்னாடியும் கேக்கும். ரெண்டு பக்கவாட்டுலயும் சுத்தச் செவிடு" என்றாய். அம்மா உடனே பக்கவாட்டில் போய் நின்று, பால் பாத்திரத்தை அடிப்பிடிக்க விட்டதற்காக உன்னைக் கண்டபடி திட்டினாள். நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஒண்ணுமே கேக்கலையே" என்று சிரித்தாய்.

அக்டோபரில் நீ நடுவில் வைத்தவையும் அதே தட்டை மைக்குகள்தான். இன்று காலை கோயிலைத் திறந்ததும் போனேன். ஸ்டாண்டு வைத்த இரண்டு இடத்திலும் நீ தரையில் ஒட்டிய நாடா அப்படியே இருக்கிறது. நான் நின்ற இடமும் தெரிகிறது, நீ விரித்த கம்பளம் கிடந்த அந்தச் சதுரம் மட்டும் அழுக்கேறாமல் வெளுத்திருக்கிறது. தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்தேன். ஒரு நாடாவிலிருந்து அடுத்த நாடாவுக்கு இழுத்து, அதே நேர்கோட்டில் ஓரம்வரை கொண்டுபோனேன். நூல் என் சதுரத்துக்கு நட்ட நடுவில் போய் முட்டியது.

ஒரு விரல் அளவுகூடப் பிசகவில்லை, வில்மோஷ். நான் துணி தைத்துப் பிழைப்பவள். தானாக விழுந்த நூல் எது, அளந்து போட்ட நூல் எது என்று எனக்குத் தெரியாதா?

பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கால் குளிரும் என்று எனக்கு மட்டும் தடித்த கம்பளம் விரித்தாய். முதுகில் காற்று அடிக்கும் என்று பின்னால் மூன்று போர்வை தொங்கவிட்டாய். எல்லாரும் பார்க்க என் தோளில் உன் சால்வையைப் போட்டாய். பெண்கள் எல்லாம், "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நானும் நிமிர்ந்து நின்றேன். சுவரில் பட்டுக்கூட என் குரல் உன் மைக்குக்குப் போய்விடக் கூடாது என்றுதானே அந்தக் கம்பளமும் போர்வையும்? எச்சில் துப்பி அதன்மேல் பூ வைத்துக் கொடுத்தாற்போல இருக்கிறது.

இந்த முறை கல்லையும் கூரையையும் இழுக்காமல் எழுது.

எதெல்கா

*

புடாபெஸ்ட்
1975 ஜனவரி 5

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நீ எழுதியதெல்லாம் சரி. நூலும் சரி.

செப்டம்பரில் தெஜோ வாத்தியார் இங்கே வந்தார். எங்கள் பதிவுக்கூடத்து உணவகத்தில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் பாட்டைப் பற்றிப் பேசினார், உன் பெயரை எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது, "எதெல்கா அம்மா குரல்ல நாலு வருஷமா சுருதி எறங்குது. மேல போகப் போக ஆடுது. ஊருக்குள்ள பாடறப்ப பரவாயில்ல, தட்டுல அது காலத்துக்கும் நிக்குமே" என்றார்.

"அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? நீங்க அவங்க தம்பி. நீங்க சொல்லுங்க."

"நீங்கதான் வாத்தியார்."

"அவங்க முகத்தப் பாத்து அதச் சொல்ல இந்த ஊருல எவனுக்குத் தைரியம் இருக்கு? பிரோஷ்கா மூணு தடவ உங்கக்கா வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு, மாவு கடன் கேட்டுட்டுத் திரும்பி வந்திருக்கா."

இரண்டு ஆம்பிளைகள். இருவரும் ஆறிப்போன தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர், "மைக்க வச்சு ஏதாவது பண்ண முடியாதா?" என்றார்.

அப்போது முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குக் கர்வம் வந்துவிட்டது, அக்கா. ஒருவர் மனமும் நோகாமல், ஒருவரையும் நீக்காமல், ஒரே ஒரு குரலை மட்டும் தட்டில் இல்லாமல் செய்ய முடியுமா என்று என் புத்தி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கூடத்தில் வேறு எவனுக்கும் இது வராது என்று பெருமைப்பட்டேன். வீட்டுக்கு வந்து தாளில் கோயிலை வரைந்தேன். உன்னை ஒரு புள்ளியாக வைத்தேன்.

பதிவின்போது ஹெட்போனில் கேட்டேன். நீ நாலு வரியை ஆரம்பித்தாய், பிரோஷ்காதான் வந்தாள். வேலை பலித்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. பிறகு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன், அதற்குமேல் கேட்க முடியவில்லை. கதவைத் திறந்து வந்து உன்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

எல்லாருக்கும் தெரியும். அந்தத் தபால்காரர் மட்டும் புதிது.

வில்மோஷ்

*

திசாஹலாஷ்
1975 ஜனவரி 19

வில்மோஷ்,

வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். வாத்தியார் கையைத் தூக்கியபோது நான் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"பாட்டு அப்புறம். முதல்ல ஒவ்வொருத்தரா வந்து, எதெல்கா உன் சுருதி எறங்குதுன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

வாத்தியாரின் கை அந்தரத்திலேயே நின்றது. "எதெல்கா அம்மா, இதெல்லாம் இப்ப எதுக்கு?"

"புடாபெஸ்டுக்கு ரயில் ஏறிப் போய்ச் சொன்னீங்க. இது நாலடி தூரம். நடந்து வந்து சொல்லுங்க."

அவர் அடுப்பு சரியாக எரியவில்லை என்று அதைக் கிளறப் போனார். மற்றவர்கள் நோட்டைப் புரட்டினார்கள். ஒருத்திக்கு இருமல் வந்தது. முப்பத்தாறு வருடம் தோளோடு தோள் நின்று பாடியவர்கள், வில்மோஷ். இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான் பாவாடை தைத்திருக்கிறேன். ஒரு வாய் திறக்கவில்லை. கல்லைப் புரட்டினால் கீழே நெளியுமே, அதைப் பார்ப்பதுபோல இருந்தது.

கடைசியில் பிரோஷ்காதான் வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒரு நூல் எறங்குதுடி. ஒரே ஒரு நூல்தான்" என்றாள்.

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"நாலு வருஷமா நான் பாடி முடிச்சதும் என் கன்னத்துல முத்தம் குடுத்தியே, அது எதுக்கு?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு."

"அந்த எச்சிலை இப்பத்தான் தொடைக்கிறேன்" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்கு அது கேட்கவில்லை. வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தேன், கோயிலில் பாடிப் பார்த்தேன். எனக்கு என் குரல் நேராகத்தான் கேட்கிறது. நீங்கள் இத்தனை பேரும் சேர்ந்து பொய் சொன்னவர்கள். இப்போது சொல்வது மட்டும் உண்மை என்று எப்படி நம்புவது? நாலு வரிமேல் பிரோஷ்காவுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

உன் மைக்கை என் முகத்துக்கு நேராக வைத்துப் பதிந்து எனக்குப் போட்டுக் காட்டு. அதுவரை மே மாதத்தில் என் இடம் என்னுடையதுதான். நான் விடுவதாக இல்லை.

எதெல்கா

*

புடாபெஸ்ட்
1975 பிப்ரவரி 8

அக்கா,

புதிதாகப் பதிய வேண்டியதில்லை. இருக்கிறது.

அக்டோபரில் முதல் நாள் காலை, மற்றவர்கள் வருமுன், "சும்மா கொஞ்சம் பாடு, அளவு பாத்துக்கறேன்" என்று உன்னைக் கேட்டேனே, நினைவிருக்கிறதா? அப்போது உன் முன்னால் இரண்டு கை தூரத்தில் ஒரு மைக் இருந்தது, முன்பக்கம் மட்டும் கேட்கும் வகை. நாலு வரியையும் பாடினாய். வாத்தியார் சொன்னது பொய்யாக இருக்காதா என்று பார்க்கத்தான் அதைப் பதிந்தேன். பொய்யாக இருந்திருந்தால் மறுபடி எல்லாவற்றையும் மாற்றி, உன்னை நடுவில் நிறுத்தியிருப்பேன். என்னை நம்ப உனக்கு ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ரீலை இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் ஊர்க் கலாச்சார மன்றத்தில் ரீல் ஓட்டும் இயந்திரம் இருக்கிறது. கேட்கும்முன் ஒன்று தெரிந்துகொள். அவ்வளவு பக்கத்தில் வைத்த மைக் யாருக்கும் இரக்கம் காட்டாது. எச்சில் ஒட்டுவது, பல் இடிப்பது, மூச்சு பிடிப்பது எல்லாம் வரும். நல்ல குரலுக்கே அப்படித்தான். மனிதக் காது அவ்வளவு கிட்டே போய் ஒரு பாட்டைக் கேட்பதே இல்லை. கோயில் உனக்கு உன் குரலைக் கழுவித் துடைத்துத் தருகிறது. இது கழுவாமல் தருகிறது.

நான் செய்கிற தொழிலே எனக்கு இப்போது கசக்கிறது. போன வாரம் ஒரு பியானோக்காரர் ஒரு பக்கத்தை நாற்பது தடவை வாசித்தார். நாற்பதிலிருந்தும் நல்லதை வெட்டி ஒட்டி ஒரு பக்கம் செய்தோம். அவர் அதைக் கேட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு கண் கலங்கினார். நான் கைகழுவப் போனவன், ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

வில்மோஷ்

*

திசாஹலாஷ்
1975 மார்ச் 3

வில்மோஷ்,

மன்றத்தில் படம் ஓட்டுபவர் ரீலை மாட்டிக் கொடுத்துவிட்டு, நான் கேட்டுக்கொண்டபடி வெளியே போய்விட்டார். மூன்று தரம் கேட்டேன்.

முதல் தரம், வேறு யாருடைய ரீலையோ மாற்றி அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். யாரோ வயதான பெண். ஓட்டைப் பல்லில் காற்றுப் போகிறது. குரல் ஏறும்போது, நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறுபவளைப்போலத் தளும்புகிறது. உச்சிக்குப் போகவில்லை. உச்சிக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, அதுதான் உச்சி என்று சாதிக்கிறது.

பாட்டு முடிந்தது. அந்தப் பெண் பேசினாள்: "போதுமா, வில்மோஷ்? இங்க காலெல்லாம் குளுருது."

நான்தான்.

அடுத்து உன் குரல். மைக்குக்குக் கிட்டே வந்து பேசியிருக்கிறாய், தெளிவாகக் கேட்கிறது. "ரொம்ப நல்லா இருக்கு அக்கா. கால் குளுராம நான் பாத்துக்கறேன்."

இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் நான் கேட்டது அந்த இடத்தைத்தான். என் பாட்டை இல்லை. என் குரலுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, அது கெட்டால் கெட்டுவிட்டுப் போகிறது. சட்டை நைந்தால் நூல் இளகத்தான் செய்யும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உன் குரல் எதனால் அப்படிக் கெட்டது? கொஞ்சமும் ஆடவில்லை, ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவ்வளவு சுத்தமான சுருதியில் பொய் சொன்னதற்கு, அம்மா இருந்திருந்தால் உன்னைப் பால் பாத்திரத்தாலேயே அடித்திருப்பாள்.

இப்போது கேட்டுக்கொள். மே மாதம் நான் வருவேன். நாலு வரி எனக்கு வேண்டாம், அதைப் பிரோஷ்கா பாடட்டும். நான் வரிசையில் நின்று மற்றதைப் பாடுவேன். மூன்று நிபந்தனை.

செவிட்டுப் பக்கம் உள்ள மைக் கோயிலுக்குள் வரக் கூடாது. கம்பளமும் போர்வையும் வரக் கூடாது. என் சுருதி இறங்கினால், நீ அந்த அறையில் உட்கார்ந்து முகத்தைச் சுளிக்கக் கூடாது. எழுந்து வெளியே வந்து, இருபத்தோரு பேர் முன்னால், என் பெயரைச் சொல்லி, "எதெல்கா அக்கா, எறங்கிருச்சு. மறுபடியும்" என்று சொல்ல வேண்டும். எத்தனை முறை இறங்கினாலும் அத்தனை முறையும். இருபது முறை சொன்னால் இருபது முறை பாடுவேன்.

இது உன்னால் முடியாவிட்டால் வேறு யாரையாவது அனுப்பச் சொல். நீ வராதே.

எதெல்கா

*

புடாபெஸ்ட்
1975 ஏப்ரல் 6

அக்கா,

நானே வருகிறேன்.

எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு மைக்கை எடுத்து வைத்திருக்கிறேன். நம் குழுவுக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில். பக்கத்தில் வைத்து யாரையும் தூக்கிவிடும் மைக் ஒன்றும் இல்லை. இவற்றுக்கு எந்தப் பக்கமும் ஒளிவிடம் கிடையாது. யார் இருமினாலும் வரும், புறா சிறகடித்தாலும் வரும். என் மேலாளர், "கோயில்ல இத வச்சா எல்லாம் குழம்பிப் போயிருமே" என்றார். ஆட்களை நிறுத்தும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யார் கிட்டே, யார் தள்ளி என்பதைக் காலால் நடந்துதான் சரிசெய்ய வேண்டும்.

வாத்தியாருக்கும் எழுதிவிட்டேன். நிபந்தனை உனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். சுருதி இறங்கினால் யாராக இருந்தாலும் பெயர் சொல்லிச் சொல்வேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

என்னால் முடியுமா என்று தெரியவில்லை. ஒத்திகை பார்த்தேன், சிரிக்காதே. சமையலறையில் தனியாக நின்று, "எதெல்கா அக்கா, எறங்கிருச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். முதல் முறை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

வில்மோஷ்

*

திசாஹலாஷ்
1975 மே 27

வில்மோஷ்,

நீ ரயில் ஏறிப் போய் ஒன்பது நாள் ஆகிறது. வழியனுப்ப வரவில்லை. வந்தால் இரண்டு பேரும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருப்போம். அதனால்தான்.

இங்கே நிலவரம் இதுதான். பிரோஷ்கா என்னோடு பேசுவதில்லை. அவளை நீ ஐந்து தடவை, "நீங்க தாளத்துல இழுக்கறீங்க, பிரோஷ்கா அம்மா" என்று சொன்னதை அவளால் செரிக்க முடியவில்லை. நாலு வரிக்கு நடுவில் நீ கதவைத் திறந்தபோதெல்லாம் அவள் முகம் மிளகாய்ப்பொடி நிறத்துக்குப் போனது. வாத்தியார் தாளம் தப்பியதைச் சொன்னாயே, அவர் அதற்குப் பிறகு என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போகிறார். தபால்காரர் மட்டும் வீட்டுக்கு வந்து, "எனக்கு மூணு தடவ சொன்னாருங்க. இருபது வருஷமா எங்கேயெல்லாமோ பாடறேன், ஒருத்தரும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு, ஏதோ மெடல் வாங்கியவர்போலப் போனார்.

இனி என் விஷயம். என்னை எட்டுத் தடவை சொன்னாய். முதல் தடவை வெளியே வந்து வாத்தியார் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு சொன்னாய். "யாருகிட்ட சொல்ற? கூரைகிட்டயா?" என்று கேட்டேன். பிறகுதான் என்னைப் பார்த்தாய். எனக்கு அருவருப்பாக இருந்தது, என் பெயர் அப்படிக் கல்லில் பட்டுத் திரும்பி வருவதும், இருபத்தோரு பேரும் தங்கள் பெயர் இல்லை என்று மூச்சு விடுவதும். நாலாவது தடவை உன்மேல் எதையாவது எறியலாம் என்று தோன்றியது. ஆறாவது தடவை அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏழு, எட்டு எப்படிப் போனது என்று நினைவில்லை.

ஒன்பதாவது தடவை நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மேலே ஏறும் இடம் வந்தது. பாடினேன். நீ இன்னும் அறைக்குள்தான் இருந்தாய், கதவு சாத்தியிருந்தது. அப்போது கேட்டது. மற்றவர்கள் குரல் இழுத்துக் கட்டிய கயிறுபோல நேராகப் போயிற்று. அதற்கு ஒரு நூல் கீழே இன்னொன்று, தனியாகத் தொங்கிக்கொண்டு. ரீலில் கேட்டதில்லை இது. என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தபோதே கேட்டது. உயர்த்தப் பார்த்தேன், உயரவில்லை. வாயை மூடினேன். மூடியதும் பாட்டு சரியாகிவிட்டது.

அதன் பிறகுதான் வரிசையை விட்டு இறங்கி மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நீ கதவைத் திறந்து என் பெயரைச் சொல்ல வாயெடுத்தாய். "தெரியும். போய் உன் வேலையப் பாரு" என்றேன். நான் கோபத்தில் இறங்கிவிட்டதாக நீ நினைத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. கோபம் இல்லை. நீ சொல்லி நான் இறங்கவும் இல்லை.

அக்டோபரில் நீ செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மே மாதம் செய்ததால் அது கழிந்துவிடாது. இரண்டையும் ஒரே ஆள் செய்தான் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

குழுவை விட்டுவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஒத்திகைக்குப் போகும்போது என் ஜன்னலைக் கடந்துதான் போகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் கையில் ஊசி ஓடுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னை எனக்கே பிடிக்கவில்லை. நலமாக இருக்கிறேன், கவலைப்படாதே என்று எழுதினால் அந்தப் பொய்யும் வந்து சேரும், நீயும் நம்புவாய். அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

எதெல்கா